இடத்தைக் காட்டும் இரண்டு எண்கள்: அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயல் அறிவிப்பில் "வடக்கு அட்சரேகை 10.5 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 84 பாகை" என்று ஒரு வரி வருகிறது. கைப்பேசி வரைபடத்தில் ஓர் இடத்தை அழுத்திப் பிடித்தால் 9.9252, 78.1198 என்பது போல இரண்டு எண்கள் தோன்றுகின்றன. பள்ளியில் இவற்றைப் படித்தவர்கள்கூட அந்த எண்களைப் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அவற்றின் பொருளும், அவை உருவான விதமும், அவற்றைத் தவறின்றிப் பயன்படுத்தும் முறையும் இங்கே கேள்வி-பதிலாக விளக்கப்படுகின்றன. எண்கள் துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, அவற்றை எழுதுபவரும் படிப்பவரும் ஒரே முறையைக் கையாள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அது பற்றிய பதில்கள் மற்றவற்றைவிடச் சற்று நீளமாக இருக்கும்.

அட்சக்கோடு எது, தீர்க்கக்கோடு எது?

பூமி உருண்டையின் மீது கிழக்கு மேற்காக, நிலநடுக்கோட்டுக்கு இணையாகச் செல்லும் கற்பனை வட்டங்கள் அட்சக்கோடுகள். ஓர் இடம் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அவை கோண அளவில் சொல்கின்றன. நிலநடுக்கோடு 0 பாகை. இரு துருவங்களும் 90 பாகை. வட துருவத்தையும் தென் துருவத்தையும் இணைத்து மேலிருந்து கீழாக ஓடும் அரைவட்டங்கள் தீர்க்கக்கோடுகள். இங்கிலாந்தின் கிரீன்விச் வழியே செல்லும் முதன்மைத் தீர்க்கக்கோட்டை 0 பாகை என்று வைத்து, அதற்குக் கிழக்கே 180 பாகை வரையிலும் மேற்கே 180 பாகை வரையிலும் அவை அளக்கப்படுகின்றன. அட்சரேகை, தீர்க்கரேகை என்பனவும் இவையே; இவை தரும் கோண அளவைச் சுருக்கமாக அட்சம், தீர்க்கம் என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் இதே கோடுகளை அகலக்கோடு, நெடுங்கோடு என்று படித்திருப்பீர்கள்.

ஒரே எண் போதாதா?

போதாது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. பெங்களூரும் அதே 13 பாகையை ஒட்டியே இருக்கிறது. தாய்லாந்தின் பாங்காக் நகரும் அதிலிருந்து வெகுவாக விலகவில்லை. "13 பாகை வடக்கு" என்று மட்டும் சொன்னால் உலகத்தைச் சுற்றிவரும் ஒரு முழு வட்டத்தையே சொன்னதாகும். அந்த வட்டத்தின் எந்த இடம் என்பதை 80 பாகை 16 நிமிடம் கிழக்கு என்ற இரண்டாவது எண்தான் காட்டுகிறது. ஓர் அட்சக்கோடும் ஒரு தீர்க்கக்கோடும் துருவங்களைத் தவிர வேறெங்கும் ஒரே ஒரு புள்ளியில்தான் சந்திக்கின்றன. அதனால்தான் இரண்டு எண்கள் சேர்ந்து ஓர் இடத்தை ஐயத்துக்கு இடமின்றிக் குறிக்க முடிகிறது. துருவத்தில் எல்லாத் தீர்க்கக்கோடுகளும் ஒன்றுகூடிவிடுவதால் அங்கே அட்சம் ஒன்றே போதும்.

மொத்தம் எத்தனை கோடுகள் இருக்கின்றன?

ஒரு பாகைக்கு ஒன்றாக எண்ணினால் அட்சக்கோடுகள் 181, தீர்க்கக்கோடுகள் 360 என்பது பள்ளிப் பாடம் தரும் கணக்கு. அந்த 181-இல் இரண்டு, அதாவது துருவங்கள், வெறும் புள்ளிகளே. தேர்வுக்கு இந்த எண்கள் பயன்படும் என்றாலும், கோடுகளுக்கு உண்மையில் எண்ணிக்கை கிடையாது. உங்கள் வீட்டு வாசல் வழியாகவும் ஓர் அட்சக்கோடும் ஒரு தீர்க்கக்கோடும் செல்கின்றன. அவற்றின் மதிப்பு முழு எண்ணாக இல்லாததால் எந்த நிலவரைபட நூலிலும் அவை அச்சிடப்படுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு பாகை என்பது தரையில் எவ்வளவு தொலைவு?

அட்சத்தைப் பொறுத்தவரை விடை எளிது. ஒரு பாகை அட்சம் எங்கு அளந்தாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் நிலநடுக்கோட்டில் 110.6 கிலோமீட்டர், துருவத்தருகே 111.7 கிலோமீட்டர் என்று சிறு வேறுபாடு மட்டும் உண்டு. ஒரு பாகையில் 60 நிமிடம், ஒரு நிமிடத்தில் 60 விநாடி. இவை கோணத்தின் நிமிட விநாடிகளே தவிரக் கடிகாரத்தினுடையவை அல்ல. ஒரு நிமிட அட்சம் ஏறத்தாழ ஒரு கடல் மைல். அதன் அளவு இன்று சரியாக 1,852 மீட்டர் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒரு விநாடி அட்சம் ஏறக்குறைய 31 மீட்டர்.

தீர்க்கத்தின் கதை வேறு. தீர்க்கக்கோடுகள் துருவத்தை நோக்கிச் செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்குவதால், ஒரு பாகைத் தீர்க்கம் நிலநடுக்கோட்டில் 111.3 கிலோமீட்டராக இருந்து, கன்னியாகுமரியில் சுமார் 110, லடாக்கின் லே நகரில் சுமார் 92, வடக்கே 60 பாகையில் 56 கிலோமீட்டர் என்று குறைந்து, துருவத்தில் இல்லாமலே போகிறது. கணக்கிட விரும்புவோர் 111.3 என்ற எண்ணை அந்த இடத்தின் அட்சக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் போதும்.

இதை நம் நாட்டின் வடிவத்திலேயே காணலாம். இந்திய நிலப்பரப்பு 8°4′ முதல் 37°6′ வடக்கு வரையிலும், 68°7′ முதல் 97°25′ கிழக்கு வரையிலும் பரவியிருக்கிறது. கழித்துப் பார்த்தால் அட்சத்தில் 29 பாகை 2 நிமிடம், தீர்க்கத்தில் 29 பாகை 18 நிமிடம். பாகையில் தீர்க்கமே சற்று அதிகம். ஆனால் வடக்கு தெற்காக நாட்டின் நீளம் 3,214 கிலோமீட்டர். கிழக்கு மேற்காக அகலமோ 2,933 கிலோமீட்டர்தான். பாகை கூடியிருந்தும் கிலோமீட்டர் குறைந்ததற்குத் தீர்க்கக்கோடுகள் வடக்கே போகப் போக நெருங்குவது ஒன்றே காரணம். பாடநூல்கள் இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏன் என்று கேட்கும் மாணவர் பூமியின் உருண்டை வடிவத்தை எண்ணிலேயே கண்டுவிடுவார்.

நிலநடுக்கோடு இயற்கையாக அமைந்தது. 0 பாகைத் தீர்க்கம் மட்டும் ஏன் கிரீன்விச்சில்?

பூமி தன் அச்சில் சுழல்வதால் துருவங்களும் அவற்றுக்கு நடுவே நிலநடுக்கோடும் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. அட்சத்தின் தொடக்கத்தை யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. தீர்க்கக்கோடுகளோ எல்லாம் ஒரே வகையானவை. எதை வேண்டுமானாலும் பூச்சியமாக வைத்துக்கொள்ளலாம், அப்படித்தான் பல நாடுகளும் வைத்திருந்தன. பண்டைய புவியியலாளர் தாலமி தமக்குத் தெரிந்த உலகின் மேற்கு ஓரத்திலிருந்த தீவுகளிலிருந்து தொடங்கினார். இந்திய வானியல் சித்தாந்த நூல்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டைத் தொடக்கமாகக் கொண்டன. பிரான்சுக்குப் பாரிஸ் கோடு இருந்தது. கப்பல்களும் ரயில்களும் தந்தியும் நாடுகளை நெருக்கிக் கொண்டுவந்த பிறகு இந்தக் குழப்பம் தாங்க முடியாததாயிற்று.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகளின் பேராளர்கள் கூடிக் கிரீன்விச்சை ஏற்றனர். 22 நாடுகள் ஆதரித்தன. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. எதிர்த்தது ஒரே ஒரு நாடு. அன்று உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட கடல் வரைபடங்களைப் பயன்படுத்தி வந்ததுதான் இதற்கு முதன்மையான காரணம். பிரித்தானியப் பேரரசின் வலிமை அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும், எந்தக் கோடு என்பதைவிட எல்லோருக்கும் ஒரே கோடு என்பதே பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன்.

இதில் சென்னைக்கு ஏதேனும் பங்கு உண்டா?

உண்டு, அது சிறிய பங்கும் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாய்வுக் கூடத்தைக் கட்டியது. கருவியைத் தாங்குவதற்காக அங்கே நிறுத்தப்பட்ட கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. அந்தக் கூடத்தின் தீர்க்கம் ஏறத்தாழ 80°15′ கிழக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால் 15 பாகைக்கு ஒரு மணி நேரம். 80°15′ என்பதை 15-ஆல் வகுத்தால் 5 மணி 21 நிமிடம் வரும். கிரீன்விச்சைவிட அவ்வளவு முன்னால் இருந்த அந்த "மதராஸ் நேரம்"தான், 82°30′ கிழக்கை அடிப்படையாகக் கொண்ட இந்தியத் திட்ட நேரம் 1906-இல் வரும்வரை, பல ஆண்டுகள் இந்திய ரயில்வேயின் நேரமாக இருந்தது.

இந்திய நிலத்தைக் கோணங்களால் அளந்த மாபெரும் முக்கோண அளவைப் பணியும் இங்கேதான் தொடங்கியது. பிரித்தானிய நிலஅளவையாளர் வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையருகே, முக்கோணங்களுக்கு அடிப்படையான ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பின்னர் 78 பாகைத் தீர்க்கத்தை ஒட்டிக் கன்னியாகுமரியிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை முக்கோணங்கள் தொடர்ந்தன. மலையில்லாத தஞ்சைச் சமவெளியில் உயரமான இடம் தேடியவர்கள் 1808-இல் பெரிய கோயில் விமானத்தின் மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றியபோது, கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமடைந்தது. லாம்டன் அதைத் தம் கையாலேயே சீர்செய்து மீண்டும் பயன்படுத்தினார். நாம் கைப்பேசியில் ஒரு நொடியில் காணும் எண்களுக்காக அன்று இத்தனை உடல் உழைப்பு தேவைப்பட்டது.

கருவிகள் வருவதற்கு முன் அட்சத்தை எப்படி அறிந்தார்கள்?

வானத்தைப் பார்த்துத்தான். வடகோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, கிட்டத்தட்ட அதுவே அந்த இடத்தின் அட்சம். அது வட துருவத்துக்கு நேர் மேலே இல்லாமல் முக்கால் பாகைக்கும் சற்றுக் குறைவாக விலகியிருப்பதால் சிறு திருத்தம் மட்டும் தேவைப்படும். கன்னியாகுமரியில் அது சுமார் 8 பாகை உயரத்திலும், சென்னையில் 13 பாகை உயரத்திலும், டெல்லியில் 28 பாகைக்கு மேலும் தெரிகிறது. கையை முழுதாக நீட்டி மடக்கிய கைமுட்டியை அடிவானத்தில் வைத்தால் அதன் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தென் தமிழ்நாட்டில் துருவ நட்சத்திரத்தைத் தேடுபவர் வடக்கே ஒரு முட்டி உயரத்துக்குள்ளாகத்தான் தேட வேண்டும். இந்தியப் பெருங்கடலில் பயணித்த மாலுமிகள் கமால் என்ற சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு இதே உயரத்தை அளந்தார்கள். ஒரு துறைமுகத்துக்குரிய முடிச்சு தெரிந்துவிட்டால், கடலில் அந்த அட்சத்தை அடைந்தபின் நேர் கிழக்கிலோ மேற்கிலோ சென்று கரையைப் பிடிக்கலாம்.

தீர்க்கத்தை அறிவது மட்டும் ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது?

தீர்க்கம் என்பது உண்மையில் நேர வேறுபாடு. கப்பல் நிற்கும் இடத்தில் சூரியன் உச்சிக்கு வரும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால், ஒரு மணி நேர வேறுபாட்டுக்கு 15 பாகை, 4 நிமிடத்துக்கு ஒரு பாகை என்று கணக்கிட்டுவிடலாம். ஆனால் ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் சரியாக ஓடாது. ஒரு நிமிடம் தவறினால் நிலநடுக்கோட்டில் 28 கிலோமீட்டர் தவறிவிடும். 1707-இல் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, இங்கிலாந்தின் தென்மேற்கே உள்ள சில்லி தீவுகளின் பாறைகளில் மோதி ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல்கள் மூழ்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1714-இல் தீர்க்கத்தைக் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண்டு வரை பரிசளிக்க அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தச்சராக வளர்ந்து கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்ட ஜான் ஹாரிசன் வாழ்நாளின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். அவருடைய நான்காவது கடிகாரம் 1761-இல் தொடங்கிய ஜமைக்கா பயணத்தில், இரண்டு மாதங்களுக்கு மேல் கழிந்த பிறகும், ஏறத்தாழ 5 விநாடிகளே பின்தங்கியிருந்தது.

அச்சிட்ட வரைபடத்தில் ஓர் இடத்தை எப்படிக் குறிப்பது?

மதுரையை எடுத்துக்கொள்வோம்: 9°55′ வடக்கு, 78°07′ கிழக்கு. இந்திய நிலஅளவைத் துறையின் பழைய இடவிளக்க வரைபடங்கள் இந்த எண்களை வைத்தே பெயரிடப்பட்டவை. 4 பாகைக்கு 4 பாகை கொண்ட பெரிய கட்டங்களுக்கு எண் உண்டு. 8 முதல் 12 பாகை வடக்கும் 76 முதல் 80 பாகை கிழக்கும் அடங்கிய கட்டம் 58. அதை ஒரு பாகைக் கட்டங்கள் பதினாறாகப் பிரித்து, வடமேற்கு மூலையிலிருந்து மேலிருந்து கீழாக ஏ (A) முதல் பி (P) வரையிலான 16 ஆங்கில எழுத்துகளை இட்டிருப்பார்கள். 9 முதல் 10 பாகை வடக்கும் 78 முதல் 79 பாகை கிழக்கும் அமைந்த கட்டம் கே. அதையும் 15 நிமிடக் கட்டங்கள் பதினாறாகப் பிரித்து அதே வரிசையில் எண்ணினால் மதுரை விழும் தாள் 58 கே/1.

அந்தத் தாளின் மேல் விளிம்பு 10°00′, கீழ் விளிம்பு 9°45′. இடது விளிம்பு 78°00′, வலது விளிம்பு 78°15′. அளவை 1:50,000 ஆதலால் தரையில் ஒரு கிலோமீட்டர் தாளில் 2 சென்டிமீட்டர். ஒரு நிமிட அட்சம் சுமார் 3.7 சென்டிமீட்டர், ஆகவே மேல் விளிம்பிலிருந்து 5 நிமிடம் கீழே, அதாவது 18 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக அளந்து கிடையாக ஒரு கோடு போட வேண்டும். பின்பு இடது விளிம்பிலிருந்து 7 நிமிடம், அதாவது 25 சென்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக அளந்து செங்குத்தாக ஒரு கோடு போட வேண்டும். இரண்டும் வெட்டும் இடத்தில் மதுரை நகரம் இருக்கும். அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் தரையில் 50 மீட்டர் தவறும் என்பதால், கூர்மையான பென்சிலைப் பயன்படுத்துவது நல்லது.

ஒரே இடத்துக்கு வெவ்வேறு எண்கள் காட்டப்படுவது ஏன்?

பெரும்பாலும் இடம் வேறல்ல, எழுதும் முறைதான் வேறு. மூன்று முறைகள் வழக்கில் உள்ளன. பாகை, நிமிடம், விநாடி என்று பிரித்து 9°55′31″ என எழுதுவது பழைய முறை. நிமிடத்தைத் தசமத்தில் தந்து 9°55.52′ என எழுதுவது கப்பல்களிலும் படகுகளிலும் பரவலாக உள்ள முறை. பாகையையே தசமத்தில் தந்து 9.9253° என எழுதுவது கைப்பேசி, கணினி முறை. மாற்றுவது கடினமல்ல: நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3600-ஆலும் வகுத்துப் பாகையோடு கூட்ட வேண்டும். 55-ஐ 60-ஆல் வகுத்தால் 0.9167, 31-ஐ 3600-ஆல் வகுத்தால் 0.0086, 9 பாகையோடு கூட்டினால் 9.9253.

ஆபத்து எங்கே வருகிறது என்றால், குறியீடுகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதும்போதுதான். இதற்கு ஓர் உண்மையான புள்ளியையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவும் இலங்கையும் 1974-இல் செய்துகொண்ட ஒப்பந்தம், பாக் நீரிணையில் கடல் எல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுக்கிறது. கடலில் வேலியோ எல்லைக் கல்லோ நட முடியாது என்பதால் அங்கே எல்லை என்பதே அட்ச, தீர்க்க எண்கள்தான். முதல் புள்ளி 10°05′ வடக்கு, 80°03′ கிழக்கு; கச்சத்தீவுக்கு மேற்கே அமைந்த நான்காவது புள்ளி 9°21.80′ வடக்கு, 79°30.70′ கிழக்கு. இந்த நான்காவது புள்ளியை ஒருவர் துண்டுத்தாளில் "9.2180, 79.3070" என்று எழுதிக்கொண்டு, அதை அப்படியே கைப்பேசியில் இட்டால் என்ன ஆகும்? கைப்பேசி அதைத் தசமப் பாகையாகவே எடுத்துக்கொள்ளும். சரியான தசமப் பாகை 9.3633, 79.5117. அட்சத்தில் 16 கிலோமீட்டரும் தீர்க்கத்தில் 22 கிலோமீட்டருக்கு மேலும் பிசகி, நடுக்கடலில் இருக்க வேண்டிய எல்லைப் புள்ளி இராமேசுவரம் தீவை ஒட்டி வந்து விழும். நீரிணை அவ்வளவு குறுகலானது. இந்தப் பிசகு சிறியதல்ல.

இதே எண்ணை 9°21′80″ என்று விநாடியாகப் படிப்போரும் உண்டு. விநாடி 59-ஐத் தாண்டாது என்பதால் 80 என்ற எண்ணைப் பார்த்த உடனே அது தசம நிமிடம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த எண் 59-க்குக் குறைவாக இருந்துவிட்டால் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது, தவறு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். படகு ஓட்டுபவர் கருவியின் அமைப்புப் பக்கத்தில் எந்த முறை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கடலுக்குப் போவதற்கு முன்பே பார்த்துக்கொள்வதும், எழுதும்போது ° ′ ″ குறிகளைத் தவறாமல் இடுவதும் உயிரும் வாழ்வாதாரமும் சார்ந்த காரியங்கள். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையம் மீன் வளமுள்ள பகுதிகளை அட்ச, தீர்க்க எண்களோடுதான் அறிவிக்கிறது என்பதால், மீனவர்களுக்கு இது அன்றாடத் தேவை.

தசமப் புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கங்கள் வேண்டும்?

மூன்றாம் இலக்கம் சுமார் 111 மீட்டர், நான்காம் இலக்கம் 11 மீட்டர், ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு வீட்டைக் காட்ட நான்கு போதும். கிணற்றைக் காட்ட ஐந்து. அதற்கு மேல் கைப்பேசி தரும் இலக்கங்களுக்கு அதன் அளவீட்டுத் திறன் துணை நிற்பதில்லை.

புயல் அறிவிப்பில் வரும் எண்களை எப்படிப் பயன்படுத்துவது?

எடுத்துக்காட்டாக, ஒரு புயல் 10.5° வடக்கு, 84.0° கிழக்கில் இருப்பதாகக் கொள்வோம். சென்னை 13.08° வடக்கு, 80.27° கிழக்கு. அட்ச வேறுபாடு 2.58 பாகை, 110.6-ஆல் பெருக்கினால் 285 கிலோமீட்டர் தெற்கே. தீர்க்க வேறுபாடு 3.73 பாகை, இந்த அட்சங்களில் ஒரு பாகைக்கு 109 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 407 கிலோமீட்டர் கிழக்கே. பிதாகரசு தேற்றப்படி நேர்த் தொலைவு சுமார் 500 கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரம் கழித்து அது 11.3° வடக்கு, 82.6° கிழக்குக்கு வந்துவிட்டால், வடக்கே 0.8 பாகையும் மேற்கே 1.4 பாகையும் நகர்ந்திருக்கிறது. அதாவது வடமேற்குத் திசையில் சுமார் 175 கிலோமீட்டர், மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகம். இந்தக் கணக்கு தெரிந்த குடும்பம் தொலைக்காட்சியின் பரபரப்பைவிட வானிலைத் துறையின் அறிவிப்பை நம்பக் கற்றுக்கொள்ளும். ஆயினும் புயல் எப்போது திரும்பும், எங்கே கரையைக் கடக்கும் என்பதை நாமாகக் கோடு நீட்டிக் கணிக்கக் கூடாது. அதற்குத் துறையின் கணிப்பையே பின்பற்ற வேண்டும்.

எதை முதலில் எழுத வேண்டும்?

வழக்கப்படி அட்சம் முதலில், தீர்க்கம் பிறகு. சென்னையின் எண்களை இடம் மாற்றி 80.27, 13.08 என்று இட்டால், வரைபடம் நம்மை நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் கொண்டுபோய் விடும். சில கணினிக் கோப்பு முறைகள் தீர்க்கத்தை முதலில் எதிர்பார்க்கின்றன என்பதால் தரவுப் பணியில் இருப்போர் இதைச் சரிபார்த்தே ஆக வேண்டும். கழித்தல் குறி தெற்கையும் மேற்கையும் குறிக்கும். இரண்டு எண்களும் பூச்சியமாகிவிட்டால் இடம் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் போய்விழும். பிழையான தரவுகள் பல அங்கேதான் குவிகின்றன.

பெங்களூரும் சென்னையும் ஒரே அட்சத்தில் இருந்தும் சூரிய உதயம் ஏன் ஒன்றாக இல்லை?

தீர்க்கம் 2 பாகை 41 நிமிடம் வேறுபடுகிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் சென்னையில் ஏறத்தாழ 11 நிமிடம் முன்னதாகச் சூரியன் உதிக்கிறது. பஞ்சாங்கம் கணிப்போர் தீர்க்க வேறுபாட்டுக்காகச் செய்யும் தேசாந்தரத் திருத்தமும், பிறந்த ஊரைக் கேட்டு ஜாதகம் கணிக்கும் மென்பொருள் அட்சத்தையும் தீர்க்கத்தையும் எடுத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான்.

கைப்பேசிக்கு இந்த எண்கள் எங்கிருந்து கிடைக்கின்றன?

ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களும், இஸ்ரோவின் நாவிக் போன்ற பிற அமைப்புகளும் அனுப்பும் நேரக் குறிப்புகளிலிருந்துதான். குறிப்பு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுகிறது. அட்சம், தீர்க்கம், உயரம், கைப்பேசிக் கடிகாரத்தின் பிழை ஆகிய நான்கும் தெரிய வேண்டியிருப்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தொலைவில் 300 மீட்டர் தவறும். கப்பலில் கடிகாரம் வைத்து ஹாரிசன் தீர்த்த சிக்கலுக்கு இன்றும் விடை கடிகாரமே, அது அணுக் கடிகாரமாகி வானில் சுற்றுகிறது.

பழைய வரைபடத் தாளும் கைப்பேசியும் நூறு மீட்டருக்கு மேல் முரண்படுகின்றன. எது தவறு?

இரண்டும் தவறல்ல. பூமியின் வடிவத்தை எந்த நீள்கோளமாக (சற்றுத் தட்டையான உருண்டையாக)க் கொள்கிறோம் என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற நீள்கோளத்தைப் பின்பற்றியவை. ஜிபிஎஸ் பின்பற்றுவது டபிள்யூஜிஎஸ் 84. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கு வெளியாகும் இந்திய நிலஅளவைத் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84-ஐப் பின்பற்றுகின்றன. கிரீன்விச்சிலேயே தரையில் பதித்த பழைய கோட்டில் நின்று கைப்பேசியைப் பார்த்தால் பூச்சியம் வராது. இன்றைய பூச்சியக் கோடு அதற்குச் சுமார் 102 மீட்டர் கிழக்கே செல்கிறது. தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் குறிப்பைப் படித்து, தேவையான மாற்றத்தைச் செய்த பிறகே எண்களை ஒப்பிட வேண்டும்.

அவசர நேரத்தில் இருக்கும் இடத்தைத் தொலைபேசியில் எப்படிச் சொல்வது?

முதலில் ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள அடையாளத்தையும் சொல்லுங்கள். பேசுபவர் திசையைப் புரிந்துகொள்ள அது உதவும். பிறகு "தசமப் பாகையில் சொல்கிறேன்" என்று முறையைக் கூறிவிட்டு, "வடக்கு ஒன்பது, புள்ளி, ஒன்பது இரண்டு ஐந்து இரண்டு" என்று ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். "தொண்ணூற்றிரண்டு, ஐம்பத்திரண்டு" என்று சேர்த்துச் சொன்னால் கேட்பவர் பிழையாக எழுத வாய்ப்புண்டு. தீர்க்கத்தையும் அவ்வாறே சொல்லி, எதிர்முனையில் இருப்பவரைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு அழைப்பைத் துண்டியுங்கள்.